கர்மர் ஊறுகாயும் அப்பாவின் மாத்திரையும்

பக்கத்து ஃப்ளாட் குஜராத்திப் பாட்டி வருஷா வருஷம் எங்களுக்கு ஒரு பாட்டில் ஊறுகாய் கொடுத்துவிடுவார். கர்மர் என்று பெயர். துண்டு துண்டாக நறுக்கி உப்புத் தண்ணீரில் ஊறவைத்த வேர். மாட்டுங்காவுக்குக் குடிவந்த முதல் வருஷம் அதைக் கையில் எடுத்துப் பார்த்ததுமே எங்கேயோ பார்த்த முகம் மாதிரி இருந்தது. ஆத்தூர்ப் பக்கம் பிறந்தவனுக்கு அடையாளம் தெரியாமல் போகுமா? நம்மூர் மருந்துக்கூர்க்கன்! சேலம் மாவட்டத்தில் கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்டு விளைவித்து, வெட்டிக் காயவைத்து, மூட்டை கட்டி அனுப்புகிற அதே கிழங்கு இங்கே சாப்பாட்டுத் தட்டில் உட்கார்ந்திருக்கிறது. மாட்டுங்கா மார்க்கெட்டில் நம்மவர்கள் தேடி வாங்கும் சிறுகிழங்குக்கும், ஜன்னலோரத் தொட்டியில் வளர்க்கும் கற்பூரவள்ளிக்கும் இது ஒன்றுவிட்ட சொந்தம்.

அப்போதைக்கு ஆச்சரியப்பட்டுவிட்டு மறந்துவிட்டேன். மறுபடி தேடவைத்தது அப்பாவின் உடம்பு.

அப்பாவுக்கு இதயம் பலவீனமாகிவிட்டது. எக்கோ எடுத்ததில் ஈ.எஃப். 30 என்று வந்தது. இடது கீழறையில் நிறைந்த ரத்தத்தில் நூற்றுக்கு முப்பது பங்குதான் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே போகிறது. ஆரோக்கியமான இதயத்தில் இது 55-க்கு மேல் இருக்கும். டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரைகளில் ஒன்று பீட்டா பிளாக்கர். அதைச் சாப்பிட ஆரம்பித்ததும் நாடி 90-லிருந்து படிப்படியாக 60-க்கு இறங்கியது. முதல் சில வாரம் அசதி வேறு. அப்பாவுக்குக் கோபம். "நொண்டுற மாட்ட இன்னும் மெதுவா நடக்கவைக்க ஒரு மாத்திரையா?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து சித்தப்பா மகன் வந்தான். கையில் ஒரு டப்பா, உள்ளே ஃபோர்ஸ்கோலின் கேப்ஸ்யூல். "அண்ணா, நம்ம காட்டுல வெளையற கெழங்குதான். ஹார்ட்டுக்கு வலு குடுக்குமாம். வெள்ளைக்காரனே ஆராய்ச்சி பண்ணிச் சொல்லியிருக்கான். பெரியப்பாவுக்குக் குடுத்துப் பாருங்க."

இதயத்தை மெதுவாக்கும் மாத்திரை ஒரு பக்கம், வலு கொடுக்கும் கிழங்கு மறுபக்கம். எதைக் கொடுப்பது? கேப்ஸ்யூல் விளம்பரம் எல்லாம் டுபாக்கூர் என்று நிரூபித்துவிடலாம் என்றுதான் தேட உட்கார்ந்தேன். ஆனால் அது பொய் இல்லை. சிக்கலே அங்கேதான் ஆரம்பித்தது. (நான் பி.காம். பயாலஜியோடு பத்தாவதிலேயே உறவு முறிந்தது. எங்கேயாவது தப்பிருந்தால் மருத்துவ நண்பர்கள் மண்டையில் குட்டலாம்.)

*

கதை பம்பாயில்தான் நடக்கிறது. அதற்கு ஒரு முன்கதை உண்டு. 1949-ல் பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், சர்ப்பகந்தா வேர் ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று ஐம்பது நோயாளிகளிடம் பார்த்ததை 'பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்' இதழில் எழுதினார். 1952-ல் ஸ்விட்சர்லாந்தின் சிபா கம்பெனி அந்த வேரிலிருந்து ரிசர்ப்பினைப் பிரித்தெடுத்தது. நம் நாட்டு வேர் ஒன்று உலகம் முழுக்க மருந்தானதும், பெரிய கம்பெனிகளின் பார்வை இந்தியச் செடிகள் மேல் திரும்பியது. 1963-ல் சிபா கோரேகாவில் ஓர் ஆராய்ச்சி மையம் திறந்தது. அதற்கு இயக்குநராக வந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் முதல்வராக இருந்த டி.ஆர்.கோவிந்தாச்சாரி.

தாவர வேதியியலில் பம்பாய்க்கும் தமிழர்களுக்கும் உள்ள உறவு அதற்கும் பழையது. நான் தினமும் நடந்து கடக்கும் மாட்டுங்கா யூ.டி.சி.டி.யை எடுத்துக்கொள்ளுங்கள் (இப்போது அது ஐ.சி.டி.). 1933-ல் தொடங்கிய அந்த நிறுவனத்துக்கு 1938-ல் முதல் இந்திய இயக்குநராக வந்தவர் சென்னையில் பிறந்த கே.வெங்கடராமன். தாவர நிறமிகளிலும் சாயங்களிலும் உலகப் பெயர் வாங்கியவர். பத்தொன்பது வருஷம் இங்கேதான் இருந்தார்.

சிபாவுக்கு அடுத்து, ஜெர்மனியின் ஹெக்ஸ்ட் கம்பெனி 1972-ல் முலுண்டில் ஓர் ஆராய்ச்சி மையம் அமைத்தது. அவில், டயோனில் மாத்திரையெல்லாம் விற்றார்களே, அவர்கள்தான். மாட்டுங்காவிலிருந்து ஸ்லோ லோக்கல் பிடித்தால் அரை மணியில் முலுண்ட். அங்கே இந்தியச் செடிகளை ஒவ்வொன்றாகச் சாறு எடுத்து, விலங்குகளின் ரத்த அழுத்தத்திலும் இதயத்திலும் என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வரிசையில் வந்ததுதான் கோலியஸ் ஃபோர்ஸ்கோலியை, நம்ம கூர்க்கன்.

சாறு ரத்த அழுத்தத்தைக் குறைத்தது. இதயம் சுருங்கும் வலுவையோ கூட்டியது. 1977-ல் சுஜாதா பட், பாஜ்வா, நோயல் டிசூசா ஆகியோரும் அவர்களுடைய ஜெர்மன் சகாக்களும் சேர்ந்து, அந்த வேலையைச் செய்யும் மூலக்கூறின் அமைப்பை வெளியிட்டார்கள். அடுத்த வருஷம் லிண்ட்னர், தோஹாத்வாலா, பட்டாச்சார்யா மூவரும் அது இதயத்தில் என்ன செய்கிறது என்று எழுதினார்கள். ஃபோர்ஸ்கோலின் என்று பெயர் வைத்தார்கள். அதே காலத்தில் லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனமும் அதே செடியிலிருந்து கோலியோனால் என்று ஒன்றைப் பிரித்து வைத்திருந்தது. ஆரம்பத்தில் இரண்டும் வேறு வேறு என்று நினைத்தார்கள். பின்னால்தான் இரண்டும் ஒன்றே என்று தெரிந்தது. அதற்குள் முலுண்ட் வைத்த பெயர் உலகம் சுற்றிவிட்டது.

பெயருக்கே ஒரு குட்டிக் கதை இருக்கிறது. ஃபோர்ஸ்கால் என்பவர் லின்னேயஸின் மாணவர். டென்மார்க் அரசர் அனுப்பிய அரேபியப் பயணக்குழுவில் செடி சேகரிக்கப் போய், 1763-ல் ஏமனில் மலேரியாவில் இறந்துபோனார். வயது 31. குழுவில் மிஞ்சியவர்கள் கப்பலேறி வந்து இறங்கிய ஊர் பம்பாய். கடைசியில் உயிரோடு ஊர் திரும்பிய ஒரே ஆள் நீபுர். 1775-ல் அவர்தான் ஃபோர்ஸ்காலின் குறிப்புகளை அச்சேற்றினார். தாவரவியலார் இன்றைக்கு இந்தச் செடியைக் கோலியஸ் பார்பேட்டஸ் என்று எழுதுகிறார்கள். செடியின் பெயரிலிருந்து போன ஃபோர்ஸ்கால், மருந்தின் பெயரில் நிற்கிறார்.

*

சரி, இதயத்துக்கு இது எப்படி வலு கொடுக்கிறது? இங்கேதான் நொதிகள் வருகின்றன.

முதலில் கால்சியம். 1883-ல் லண்டனில் சிட்னி ரிங்கர், தவளை இதயத்தை உப்புக் கரைசலில் வைத்துத் துடிக்கவைத்தார். குழாய்த் தண்ணீரில் கலந்த கரைசலில் துடித்தது, வடித்த தண்ணீரில் கலந்ததில் நின்றுபோனது. வித்தியாசம் குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம். ஆஸ்பத்திரியில் ஆர்.எல். என்று பாட்டில் ஏற்றுகிறார்களே, அந்த 'ஆர்' இந்த ரிங்கர்தான்.

ஒவ்வொரு துடிப்புக்கும் இதயத் தசைச் செல்லின் சுவரில் உள்ள கால்சியம் வாசல் ஒரு நொடிப்பொழுது திறக்கிறது. கொஞ்சம் கால்சியம் உள்ளே வருகிறது. அது செல்லுக்குள் இருக்கும் சேமிப்புக் கிடங்கைத் தூண்ட, அங்கிருந்து நிறைய கால்சியம் கொட்டுகிறது. அது ட்ரோபோனின் என்ற புரதத்தில் ஒட்டியதும் தசை இழைகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிச் சுருங்குகின்றன. பிறகு ஒரு பம்ப் கால்சியத்தைக் கிடங்குக்குத் திருப்பி ஏற்றுகிறது. தசை தளர்கிறது. இப்படி நாளைக்கு ஒரு லட்சம் தடவை.

எவ்வளவு வலுவாகச் சுருங்க வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? பயந்தாலும் ஓடினாலும் அட்ரினலின் வருகிறது. ஆனால் அட்ரினலின் செல்லுக்குள் நுழைவதே இல்லை. வாசலில் நிற்கிற ஆள் சொல்வது உள்ளே எப்படிப் போய்ச் சேருகிறது? இதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் எர்ல் சதர்லேண்ட். 1950-களில் நாய்க் கல்லீரலில் வேலை செய்துகொண்டிருந்தபோது, சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சின்ன மூலக்கூறுதான் உள்ளே சேதி சொல்லும் தூதர் என்று கண்டார். 1971-ல் நோபல்.

எனக்குப் புரிந்தது பேங்க் பாஷையில்தான். வாடிக்கையாளர் அட்ரினலின். அவர் நிற்கும் கவுண்டர், செல் சுவரின் பீட்டா ஏற்பி. கவுண்டரிலிருந்து பேப்பரை உள்ளே எடுத்துப்போகும் பியூன், ஜி புரதம். உள்ளே உட்கார்ந்திருக்கும் அதிகாரி, அடினைலில் சைக்ளேஸ் என்ற நொதி. பேப்பர் வந்ததும் அவர் ஏ.டி.பி.யை எடுத்து சைக்ளிக் ஏ.எம்.பி. சீட்டுகளாக எழுதித் தள்ளுகிறார், ஒன்றிரண்டல்ல, கட்டுக் கட்டாக. சீட்டு கிடைத்ததும் வேலையை ஆரம்பிப்பவர் புரோட்டீன் கைனேஸ் ஏ என்ற இன்னொரு நொதி. அவர் கையில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப். அதுதான் பாஸ்பேட்.

அந்த ஸ்டாம்ப் முக்கியமாக மூன்று இடத்தில் விழுகிறது. கால்சியம் வாசலில் விழுந்தால் கால்சியம் அதிகமாக உள்ளே வரும். கிடங்கின் பம்பைப் பிடித்து வைத்திருக்கும் பாஸ்போலாம்பன் என்ற பிரேக்கில் விழுந்தால் பிரேக் விடும். கால்சியம் சீக்கிரம் கிடங்குக்குத் திரும்பும், அடுத்த துடிப்புக்குக் கையிருப்பும் கூடும். ட்ரோபோனினில் விழுந்தால் தசை சட்டென்று தளரும். மூன்றும் சேர்ந்தால் பலமான சுருக்கம், வேகமான தளர்ச்சி. நெஞ்சு படபடவென்று அடிக்கும்போது உள்ளே நடப்பது இதுதான்.

நல்ல பேங்க் என்றால் கணக்கு முடிக்கவும் ஆள் வேண்டுமே. சீட்டைக் கிழிக்க பாஸ்போடைஎஸ்டரேஸ் என்று ஒரு நொதி. ஸ்டாம்பை அழிக்க பாஸ்படேஸ் என்று இன்னொன்று. ஸ்டாம்ப் ரகசியத்தைக் கண்ட கிரெப்ஸுக்கும் ஃபிஷருக்கும் 1992-ல் நோபல், பியூனைக் கண்ட கில்மனுக்கும் ராட்பெல்லுக்கும் 1994-ல்.

இந்த வரிசையில் நம்ம கூர்க்கன் எங்கே வருகிறது? 1981-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் சீமன், பேட்ஜெட், டேலி மூவரும், ஜெர்மனியில் ஹெக்ஸ்டின் மெட்ஸ்கர், லிண்ட்னர் இருவரும் விடையை எழுதினார்கள். ஃபோர்ஸ்கோலின் கவுண்டருக்குப் போவதே இல்லை. பியூனையும் பார்ப்பதில்லை. பின்வாசல் வழியாக நேரே அதிகாரியின் மேஜைக்குப் போய், கையைப் பிடித்துச் சீட்டு எழுதவைக்கிறது. அட்ரினலினே இல்லாமல் அட்ரினலின் செய்யும் வேலை.

ஆராய்ச்சியாளர்களுக்கு இது லட்டு. அந்த நொதியைச் செல்லிலிருந்து பிரித்துச் சுத்தம் செய்ய, ஃபோர்ஸ்கோலினையே தூண்டில் முள்ளாகப் பயன்படுத்தினார்கள். 1989-ல் கில்மன் குழு அந்த நொதியின் மரபணுவைப் பிடித்தது அப்படித்தான். 1997-ல் நொதியின் வேலைசெய்யும் பகுதியைப் படமெடுத்தபோது, அதன் இடுக்கில் ஃபோர்ஸ்கோலின் ஒட்டிக்கொண்டிருந்தது.

*

இதய மருத்துவர்களுக்கும் ஆசை வந்தது. காரணம் 1982-ல் பிரிஸ்டோ என்ற அமெரிக்க மருத்துவர் கண்ட விஷயம். செயலிழந்துவரும் இதயங்களில் பீட்டா ஏற்பிகளின் எண்ணிக்கை பெருமளவு குறைந்திருந்தது. அதாவது கவுண்டர்கள் மூடப்பட்டிருந்தன. அட்ரினலின் வாசலில் கத்திக்கொண்டே இருக்கிறது, கேட்க ஆளில்லை. அப்படியானால் பின்வாசல் தெரிந்த ஃபோர்ஸ்கோலின் சரியான ஆள் அல்லவா? 1984-ல் பிரிஸ்டோவின் குழுவே மனித இதயத் தசையில் ஃபோர்ஸ்கோலினைச் சோதித்து, அது நன்றாக வேலை செய்கிறது என்று எழுதியது. சித்தப்பா மகன் சொன்ன ஆராய்ச்சி இந்த வகைதான். பொய்யே இல்லை.

ஆனால் கவுண்டர் மூடியிருந்ததை இன்னொரு மாதிரியும் படித்திருக்கலாம். கூட்டம் நெருக்கி, உள்ளே இருப்பவர்கள் மூச்சு முட்டிப்போகும்போது எந்த மேனேஜரும் ஷட்டரைப் பாதி இறக்கத்தான் செய்வார். செல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்த காரியமாகவும் அது இருக்கலாம். நாள் முழுக்க ஸ்டாம்ப் விழுந்துகொண்டே இருந்தால் கால்சியம் நிரம்பி வழியும், எரிபொருள் கரையும், துடிப்பு தாளம் தப்பும், கடைசியில் செல்லே சாகும்.

விடை 1991-ல் வந்தது. மில்ரினோன் என்ற மருந்து சீட்டு கிழிக்கும் நொதியைத் தடுக்கும். ஃபோர்ஸ்கோலின் சீட்டு எழுதவைக்கிறது, இது கிழிக்கவிடாமல் தடுக்கிறது. இரண்டிலும் சீட்டு பெருகும். கடுமையான இதயச் செயலிழப்பு உள்ள 1,088 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்கு அதை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களிடையே சாவு 28 சதவீதம் அதிகம். இதயத்தின் வலுவைக் கூட்டிய மருந்து ஆயுளைக் குறைத்தது.

எதிர்த்திசையில் ஒரு சின்னக் குரல் முன்பே கேட்டிருந்தது. 1975-ல் ஸ்வீடனின் வாக்ஸ்டைன் குழு, இதயத் தசை கெட்டுப்போன ஏழே ஏழு பேருக்கு பீட்டா பிளாக்கர் கொடுத்து, தேறினார்கள் என்று எழுதியது. வக்கீல் எழுதிய அதே 'பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்'தான். பலவீனமான இதயத்துக்கு அந்த மருந்தைக் கொடுக்கவே கூடாது என்று பாடம் நடத்திக்கொண்டிருந்த காலம் அது. யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இருபத்து நாலு வருஷம் கழித்து, 1999-ல் இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. பிசோப்ரோலாலுக்கு 2,647 பேர், மெட்டோப்ரோலாலுக்கு 3,991 பேர். இரண்டிலும் சாவு 34 சதவீதம் குறைந்தது. கவுண்டரை அடைத்துக்கொண்டு நிற்கும் மருந்து, களைத்த இதயத்துக்கு ஓய்வு கொடுத்தது. அந்த ஓய்வில் தசை மெல்ல மெல்லத் தேறியது.

அதே 1999-ல் ஜப்பானில், தண்ணீரில் கரையும்படி மாற்றிய ஃபோர்ஸ்கோலின் ஊசி மருந்தாக அனுமதி பெற்றது. கோல்ஃபோர்சின் டாரோபேட் என்று பெயர். திடீரென இதயம் தளர்ந்துபோன நோயாளிக்கு, ஆஸ்பத்திரிப் படுக்கையில், கண்காணிப்போடு கொடுப்பதற்கு. ஓரிரு நாள் கைதூக்கிவிட இந்த வகை மருந்து உதவும். வீட்டில் தினமும் இரண்டு கேப்ஸ்யூல் என்பது வேறு கணக்கு. 2014 வாக்கில் அமெரிக்க டி.வி. புண்ணியத்தில் ஃபோர்ஸ்கோலின் உடம்பு இளைக்கும் கேப்ஸ்யூலாகவும் ஓடியது. முலுண்ட்காரர்கள் தேடியதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த மையமே 1998-ல் நிக்கோலஸ் பிரமல் கைக்கு மாறிவிட்டது.

*

டப்பாவை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கிழங்கு பொய் இல்லை சார். ஆனா உங்கப்பா ஹார்ட்டை அட்ரினலின் ராத்திரி பகலா ஏற்கெனவே அடிச்சுக்கிட்டிருக்கு. அதை மறைக்கத்தான் நான் மாத்திரை குடுக்கிறேன். இது பின்னால போய் மறுபடி அடிக்கும். போதாததுக்கு அவர் பிரஷருக்கும், ரத்தம் உறையாம இருக்கவும் மருந்து சாப்பிடறார். இது அந்த ரெண்டு பக்கமும் கூடச் சேர்ந்து இழுக்கும். வேண்டாம்."

அப்பாவிடம் நொதி, சீட்டு, ஸ்டாம்ப் எல்லாம் சொல்லிப் பார்த்தேன். ஏறவில்லை. கடைசியில் அவர் பாஷையிலேயே கேட்டேன். "அப்பா, ஏரு ஓட்டிக் களைச்சு மாடு நிக்குது. தார்க்குச்சியால குத்துவீங்களா, அவுத்து நெழல்ல கட்டுவீங்களா?" கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "குத்துனா நாலு சால் ஓட்டும். அஞ்சாவதுல படுத்துரும்" என்றார். "அந்த மாத்திரையக் கொண்டா."

போன எக்கோவில் ஈ.எஃப். 38. டாக்டருக்குச் சந்தோஷம், எனக்கு அதைவிட.

சித்தப்பா மகனுக்குப் போன் செய்து சொன்னேன். அவனுக்கு முகம் வாடியிருக்கும், குரலிலேயே தெரிந்தது. "அப்ப நாங்க வெளைய வைக்கறது தப்பாண்ணா?" இல்லைடா என்றேன். இதயச் செல் எப்படிக் கட்டளை வாங்குகிறது என்று உலகத்தில் எங்கே யார் ஆராய்ந்தாலும், ஏதாவது ஒரு குப்பியில் உன் காட்டுக் கிழங்கின் சத்து இருக்கும். பெரியப்பாவுக்கு அந்த மெதுவாக்கும் மாத்திரையை ஏன் கொடுக்க வேண்டும் என்று புரிந்ததில் அதற்கும் பங்கு இருக்கிறது. அவன் ஆறுதல் அடைந்தானா தெரியாது. "இந்த வருஷம் வெல என்ன போகுதுன்னு விசாரிச்சுச் சொல்லுங்க" என்று போனை வைத்தான்.

பாட்டியின் கர்மர் பாட்டில் இந்த வருஷமும் வந்தது. அப்பா ஆசையோடு பார்த்தார். டாக்டர் அதற்கும் தடை போட்டிருக்கிறார். காரணம் ஃபோர்ஸ்கோலின் இல்லை, உப்பு.